புல் காயும் வரை

எங்கள் அலுவலகத்தில் எனக்கு அட்டவணை அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்கும்படியாகக் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் மூன்று மேசை போட்ட பயண அலுவலகம். ஒரு மேசை முதலாளிக்கு. பாதி நாள் அவர் இருக்க மாட்டார். இன்னொன்று விமான டிக்கெட் போடுகிறவருக்கு. மூன்றாவது என்னுடையது. யார் எந்த ஊருக்கு எந்தத் தேதியில் போய், எங்கே தங்கி, எத்தனை மணிக்கு எழுந்து எதைப் பார்க்க வேண்டும் என்று நாள்வாரியாகத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். என் திட்டத்தை நம்பிப் போனவர்களில் ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை. "உன்கிட்ட கேக்காம நான் கடைக்குக்கூடப் போறதில்ல, ஏன் அந்தத் தெரு வழியா போனேன்னு சண்டைக்கு வருவே" என்பார் என் வீட்டுக்காரர். உண்மைதான். ஒருவர் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் என் வாய் சும்மா இருக்காது.

லிஃப்ட் மெக்கானிக் முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. சட்டைப் பையில் கம்பெனி முத்திரை, கையில் கருவிப் பை. படியேறி வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க லிஃப்ட் இல்லையாங்க?" என்றார்.

"ஒரு மாடிக்கு எதுக்குங்க லிஃப்ட்?"

"எல்லாரும் இப்படிச் சொல்லித்தான் எங்க பொழப்புல மண்ணைப் போடறீங்க" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர் மனைவி அடித்துக் கொடுத்தது. அந்த அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் டைப்பிஸ்ட். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பவர். தாளைப் பார்த்தாலே தெரிந்தது. ஓரத்தில் விட வேண்டிய இடம் விட்டு, பத்திக்குப் பத்தி எண் போட்டு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரியே இருந்தது. குறுகலான தெருக்கள் உள்ள பழைய நகரம் ஒன்று. உச்சி மாடியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய உயரக் கட்டடங்கள் உள்ள புது நகரம் ஒன்று. படுத்தால் அலைச் சத்தம் கேட்கிற அறை. அப்புறம் காடு, ஜீப், யானைகள், முடிந்தால் குட்டியோடு. கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "திருமணமாகி இருபத்திரண்டு வருடம். குழந்தைகள் இல்லை. இருவரும் சேர்ந்து வெளியூரில் தங்கியது ஒரே ஒரு இரவு. அதுவும் அந்த ஊர் ஓட்டலில் லிஃப்ட் பழுதானதால்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துப்போனது.

"எப்போ போகணும்?"

"அடுத்த மாசம். முதல் வாரமே கெடைச்சா நல்லது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அடுத்த மாசம் காட்டுக்குப் போய் என்னத்தைப் பார்ப்பீங்க? அங்க மழை இப்பத்தான் விட்டிருக்கு. புல்லு ஆள் உயரத்துக்கு நிக்கும். பத்தடி தூரத்துல யானை நின்னாலும் தெரியாது. எங்க பார்த்தாலும் தண்ணி கெடக்கறதால எதுவும் ஒரு இடத்துக்கு வராது. அஞ்சு மாசம் பொறுங்க. புல்லு காயும், குட்டையெல்லாம் வத்தும், மிச்சம் இருக்கற தண்ணிக்கு எல்லாமே வந்துதான் ஆகணும். ஜீப்பை நிறுத்திட்டு உக்காந்த இடத்துல பார்க்கலாம்."

"இல்லங்க, அடுத்த மாசமே போயிட்டா..."

"லீவு பிரச்சனையா?"

"லீவெல்லாம் கெடைக்கும்."

"பின்னே என்ன அவசரம்? இருபத்திரண்டு வருஷம் பொறுத்தவங்க அஞ்சு மாசம் பொறுக்க மாட்டீங்களா?"

அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் இழுப்பதைப் பார்த்து, "வீட்டம்மாவுக்குப் போன் போடுங்க, நானே சொல்றேன்" என்று போனையும் வாங்கிக்கொண்டேன்.

புல், தண்ணீர், குட்டி யானை எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் மறுபடி ஒப்பித்தேன். நடுவில் ஒரே ஒரு தடவை, "நிஜமாவே புல்லு அவ்வளவு உசரமாவா இருக்கும்?" என்று கேட்டார். "ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். பிறகு, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். காத்திருக்கலாம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

ஜெயித்த சந்தோஷத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அவளே சொல்லிட்டா சரி" என்று எழுந்து போனார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். டிக்கெட்காரர் சாப்பிடப் போகும் வரை எதிர்ச் சுவரில் இருந்த கடற்கரைப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவர் மட்டும் ஆனதும் சொன்னார்.

மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் இவரை மட்டும் வெளியே கூப்பிட்டு, ஆறு மாதம் என்று சொல்லியிருக்கிறார். அதிலும் முதல் மூன்று மாதம்தான் நன்றாக நடமாட முடியுமாம்.

"அவளுக்குத் தெரியாதுங்க. வயித்துல புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுக்கறேன்."

"ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்களாச்சே, கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"வேற ஆஸ்பத்திரியில காட்டினோம். அதுவும் போக, அவ டைப் அடிக்கிறதோட சரி. அர்த்தமெல்லாம் அவளுக்குத் தெரியாது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? போன்ல அவ இருக்கா. நீங்க அஞ்சு மாசம்ங்கறீங்க, அவ சரிங்கறா. நான் மட்டும் குதிச்சேன்னா, ஏன் இந்த மனுஷன் இவ்வளவு அவசரப்படறான்னு தோணாதா? இப்பவும் நானா சொல்லக் கூடாது. நீங்களே ஏதாவது காரணம் சொல்லி முன்னாடி தள்ளுங்க. நான் வந்ததோ சொன்னதோ அவளுக்குத் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அவர் முதலில் கேட்ட தேதிப்படி விட்டிருந்தால், அடுத்த வாரம் இருவரும் பழைய நகரத்தின் தெருக்களில் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த எண்ணம் அன்று என்னோடு வீட்டுக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை.

நாலாவது நாள் மதியம், படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. மெலிந்த, நெடிய ஒரு அம்மா. கதவருகே கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "போன்ல பேசின அக்கா நீங்கதானே? குரலை வெச்சே கண்டுபிடிச்சிட்டேன். நாள் பூரா குரல் கேக்கறதுதானே என் வேலை" என்றார். அவர் கணவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைப் பாதி குடித்தார்.

"அக்கா, பயணத்தை முன்னாடி வைக்க முடியுமா? ஆனா நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியக் கூடாது."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அவருக்கு நடிக்கத் தெரியலக்கா, பாவம். மாத்திரை டப்பாவுல பேரைக் கிழிச்சாரு. உள்ள அட்டையில இருக்கற பேரைக் கிழிக்க மறந்துட்டாரு. அந்தப் பேரை எத்தனை ரிப்போர்ட்ல அடிச்சிருக்கேன் தெரியுமா? எந்த நிலைமையில அதைக் குடுப்பாங்க, அடுத்த ரிப்போர்ட் எப்ப வரும், கடைசி ரிப்போர்ட் எப்ப வரும், எல்லாம் எனக்கு மனப்பாடம்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுத்தான் அவர் ஒரு வாய் சாப்பிடறார், தூங்கறார். தெரியும்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவார். அவர் சிரிச்ச முகமா இருக்கும்போதே ஒரு தடவை அவரோட எங்கயாவது போயிட்டு வந்துடணும்க்கா. அவ்வளவுதான்."

"அன்னைக்குப் போன்ல கேட்டப்பவே உங்களுக்கு..."

"தெரியும். அவர் உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாரே, என்ன சொல்ல முடியும்?"

இருவரும் தேடுவது ஒன்றுதான். இரண்டு பாதியும் என் கையில் இருந்தது. 'அவரும் இதையேதான் கேட்டுட்டுப் போனாரும்மா, வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் பேசுங்க' என்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஊரில் உள்ளவர்களின் தப்பையெல்லாம் திருத்துகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. சத்தியம் செய்திருந்தேன், அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் திட்டமே இதைச் சரிசெய்துவிடும் என்று நினைத்தேன். முதலில் இரண்டு நகரம், பிறகு காடு, கடைசியில் கடல். பதினொரு நாள் ஒன்றாக இருந்தால், அலைச் சத்தத்தில் உட்கார்ந்து தானாகப் பேசிக்கொள்வார்கள் என்று அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். அந்த அம்மாவுக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறுநாளே இருவருக்கும் போன் செய்து, காட்டு விடுதியைப் பழுது பார்க்கப் போகிறார்கள், ஐந்து மாதம் கழித்து மூடியிருக்கும், அதனால் சீக்கிரம் போயே ஆக வேண்டும் என்று கூசாமல் பொய் சொன்னேன். இருவரும் என்னமாய் ஆச்சரியப்பட்டார்கள்! "அப்படியா, அடடா" என்று அவர் சொன்னதும், "புல்லு இருந்தா இருந்துட்டுப் போகுது" என்று அந்த அம்மா சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் தேதி வைக்கும்போது என் புத்தி மறுபடி வேலையைக் காட்டியது. நாலு வாரத்தில் விடுதியில் ஒரு அறை காலியாக இருந்தது. ஜன்னல் பின்பக்கம், சமையல்கூடத்தைப் பார்த்திருக்கும். ஆற்றைப் பார்த்த அறை வேண்டுமென்றால் ஆறு வாரம். டிக்கெட்காரர், "சீக்கிரம் கெடைக்கறதைப் போட்டு அனுப்புங்க மேடம்" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு பயணம், அதிலும் சமையல்கூடத்து ஜன்னலா என்று நான்தான் ஆறு வாரத்துக்குப் போட்டேன். நான் நல்லதைத்தான் நினைத்தேன். அதைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

நாலாவது வாரம் இருவரும் சேர்ந்து வந்தார்கள், திட்டத்தைக் கடைசியாக ஒரு முறை சரிபார்க்க. அந்த அம்மா இன்னும் மெலிந்திருந்தார், ஆனால் தானாகவே படியேறினார். நான் நாள்வாரியாகப் படித்தேன். ஒவ்வொரு ஓட்டல் பேர் வரும்போதும் மெக்கானிக் குறுக்கே புகுந்து, "அங்க லிஃப்ட் உண்டா? எத்தனை படி?" என்று கேட்டார்.

"பாருங்கக்கா" என்றார் அந்த அம்மா. "தேனிலவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு லிஃப்டைப் பார்க்கப் போறார். ஸ்க்ரூ டிரைவரை நான் வீட்டுலயே பூட்டி வெச்சுட்டு வரணும்."

"தொழில் பக்திம்மா" என்றார் அவர்.

"காட்டுல காலைல நாலரைக்கு எழுப்புவாங்க" என்றேன். "ஜீப்புல குளிரும். கம்பளி எடுத்துக்குங்க."

"இந்தத் தடவை குட்டி யானையைப் பார்க்கலேன்னா அடுத்த வருஷம் மறுபடி போவோம்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"அடுத்த வருஷம் எதுக்குக் காடு? மலைக்குப் போவோம்" என்றார் அந்த அம்மா.

"மலைன்னா மலை."

"அதுக்கு அடுத்த வருஷம் பனி."

"பனி வேண்டாம், உனக்குச் சளி பிடிக்கும்."

இப்படியே அவர்கள் ஐந்து வருடத்துக்குத் திட்டம் போட்டார்கள். போட்டி போட்டுக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது அவள் ஒவ்வொரு படியிலும் நின்றதை அவர் கவனிக்காத மாதிரி கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்து, "இதை யார் வெச்சான், ஆடுது பாரு" என்று பேசிக்கொண்டே அவளுக்கு நேரம் கொடுத்தார். அவளும் அதைப் பார்த்தாள். நான் மேலே நின்று இருவரையும் பார்த்தேன்.

புறப்பட எட்டு நாள் இருக்கும்போது அவர் போன் செய்தார். "ரெண்டு நகரத்தையும் எடுத்துடுங்க. காடும் கடலும் போதும். களைப்பா இருக்கா." எடுத்தேன். பதினொரு நாள் ஆறானது. இரண்டு நாள் கழித்து, "ஜீப்புல குலுங்குமில்ல, காடு வேண்டாம். கடல் மட்டும்" என்றார். இரண்டு நாளானது. காரில் மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய கடற்கரையில், தரைத்தளத்தில் அலைச் சத்தம் கேட்கும் அறையைத் தேடி எடுத்தேன். ஆம்புலன்ஸ்கூட வாசல்வரை வரும் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். புறப்பட வேண்டிய நாள் காலை, "ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம்" என்றார். மூன்றாவது வாரம் அந்த அம்மா போய்விட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து மெக்கானிக் வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தார். என் கஷ்டத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். அதைக் கேட்டதும் நான் கூனிக் குறுகிப் போனேன்.

"என்னாலதாங்க" என்றேன். "நீங்க கேட்ட தேதியில நான் விட்டிருந்தா போயிட்டே வந்திருப்பீங்க."

"விடுங்க. நீங்க என்ன கண்டீங்க?" என்றார். அப்படிச் சொல்லக்கூடிய மனிதர். "எனக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டுங்க. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, மலைக்குப் போறப்ப எனக்கு என்ன கலர்ல ஸ்வெட்டர் வாங்கலாம்னு கேக்கறா. நானும் நீலக் கலர்னேன். கண்ணை மூடற நாள்கூட பயமில்லாம போனா. நாள் பூரா அந்தப் பெரிய பெரிய வியாதிப் பேரையெல்லாம் அடிச்சிருக்கா, ஒண்ணுக்கும் அர்த்தம் தெரியாது பாருங்க. சொன்னேனே, டைப் அடிக்கிறதோட சரி." லேசாகச் சிரித்தார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். தலையாட்டி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா இந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது கண்ணில் வந்தது. அத்தனையும் தெரிந்து, பயத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஸ்வெட்டர் கலர் கேட்டவளை, ஒன்றும் தெரியாதவள் என்று இவர் சிரித்துக்கொண்டே சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு. திருத்த வேண்டும். என் வாய் திறந்துவிட்டது.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும்ங்க."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"நீங்க வந்து சொன்ன நாலாவது நாள் இங்க வந்தாங்க. அட்டையில மாத்திரைப் பேரைப் பார்த்திருக்காங்க. பயணத்தை முன்னாடி வைங்கன்னு கேட்டாங்க. தனக்குத் தெரியும்கறது உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எதையோ மனதுக்குள் எண்ணுவதுபோல உதடு அசைந்தது.

"அப்போ, அஞ்சு வருஷத்துக்குப் பிளான் போட்டோமே, அன்னைக்கு?"

"தெரியும்."

"ஸ்வெட்டர் கேட்டப்போ?"

"தெரியும்ங்க."

"நான் சிரிச்சிட்டிருந்தது பொய்னு?"

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்குக் கோபமே வரவில்லை. வழி தெரியாமல் ஒரு கட்டடத்துக்குள் வந்துவிட்டவர் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் தெரியும்னு உங்களுக்குத் தெரியும்?"

"ம்."

"எங்கயும் போக வேண்டாம்ங்க. கடல் வேண்டாம், யானை வேண்டாம். வீட்டுலயே, ஒரே ஒரு தடவை, ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதிருக்கலாமேங்க."

சொல்லி முடித்ததும் அவர் அழ ஆரம்பித்தார். மதியம் இரண்டு மணி. டிக்கெட்காரர் போனைக் கையில் வைத்தபடி எழுந்து வெளியே போனார். எனக்கும் கண் நிறைந்தது. எதிரே உட்கார்ந்திருந்தும் நான் அழவில்லை, அடக்கிக்கொண்டேன். அவரோடு சேர்ந்து அழ வேண்டியவள் நான் இல்லை.